தந்தை தருவதும் தாய் தருவதும்



ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், பார்க்க வரும் உற்றார் உறவினர் முதலில் தொடங்குவது பாகப்பிரிவினையே. மூக்கு தகப்பனுடையது, நெற்றி தாயினுடையது, காது மடல் பாட்டனைக் கொண்டது என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். பெரும்பாலும் இந்தப் பங்கீட்டில் தகராறு எழுவதில்லை. ஆனால் குழந்தைக்கு ஏதோ ஒரு குறை இருப்பதாகத் தெரிந்துவிட்டால் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. "எங்கள் வமிசத்தில் இப்படி ஒருவரும் கிடையாதே" என்று இரு தரப்பாரும் கையை உதறிக்கொள்கின்றனர். முடிவில் பழி வந்து இறங்கும் இடம் பெரும்பாலும் தாயின் தலையாகவே இருக்கிறது.

யார் எதைக் கொடுத்தார் என்னும் கேள்விக்கு விஞ்ஞானம் மிகத் தெளிவாக விடை கூறும் ஒரு பகுதி உண்டு. அதற்குப் பால் சார்ந்த மரபு என்று பெயர். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பொருளோடு ஒட்டிக்கொண்டு, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் இயல்புகளையும் நோய்களையும் பற்றிய செய்தி அது. நான் மருத்துவன் அல்லன். உயிரியல் கற்றவனும் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் தாள்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பவன். சட்டங்களிலும் சுகாதார வெளியீடுகளிலும் இந்தத் தொடர் வருகிறது. பொருளை அறியாமல் சொல்லை மட்டும் பெயர்ப்பது முறையன்று என்று படிக்கப் புகுந்தேன். படித்தறிந்ததை, என்னைப் போன்ற சாதாரண மக்களுக்கு விளங்கும் வகையில் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் நூல்போன்ற சில உறுப்புகள் உண்டு. அவற்றைக் குரோமசோம்கள் என்பர். நிறப்புரி என்றும் இனக்கீற்று என்றும் தமிழில் வழங்குவதுண்டு. நம் உடலமைப்பைப் பற்றிய கட்டளைகள் யாவும் இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு குரோமசோமை ஒரு சுவடி என்று கொண்டால், அதிலுள்ள ஒவ்வோர் ஏட்டையும் ஒரு மரபணு எனலாம். மனிதருக்கு இத்தகைய சுவடிகள் 48 உண்டு என்றுதான் நெடுங்காலம் எண்ணி வந்தனர். 46தான் உண்டு என்பதை 1956ஆம் ஆண்டில் ஜியோ, லெவான் என்னும் இரு விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினர். இந்த 46உம் 23 இணைகளாக அமைந்துள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது.

இவற்றுள் 22 இணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. 23ஆவது இணையில்தான் வேறுபாடு இருக்கிறது. பெண்ணிடம் அவ்விணையில் இருப்பவை இரண்டும் ஒரே வகையானவை. அந்த வகைக்கு எக்ஸ் என்று பெயர். ஆணிடமோ ஓர் எக்ஸும், அதைவிட மிகச் சிறியதான ஒய் என்ற வேறொன்றும் இருக்கின்றன. 1905ஆம் ஆண்டில், மாவுப் புழுக்களை ஆராய்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஆண் புழுவிடம் மட்டும் இந்தச் சிறிய குரோமசோம் இருப்பதைக் கண்டு, பால் வேறுபாட்டுக்கு அதுவே அடிப்படை என்று காட்டினார்.

தாய் தன் முட்டை அணுவில் வைத்துக் கொடுப்பது எப்போதும் ஓர் எக்ஸே. கொடுப்பதற்கு அவளிடம் வேறொன்றும் இல்லை. தந்தையின் விந்தணுக்களிலோ ஏறக்குறையப் பாதி எக்ஸைச் சுமப்பவை. பாதி ஒய்யைச் சுமப்பவை. எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண். ஒய் வந்து சேர்ந்தால் ஆண். ஆகவே பிறப்பது மகனா மகளா என்பது தந்தையின் அணுவைப் பொறுத்ததேயன்றித் தாயைப் பொறுத்ததன்று. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது என்று மருமகளைக் கடிந்து பேசும் மாமியார் நம் நாட்டில் இன்றும் இல்லாமற் போய்விடவில்லை. அவர் கடிய வேண்டுமானால் தம் மகனைத்தான் கடிய வேண்டும். அதுவும் நியாயமாகாது, எந்த அணு முந்திச் சேரும் என்பது அவன் விருப்பத்தாலும் நடப்பதன்று.

இனி, நம் பொருளின் மையத்துக்கு வருவோம். எக்ஸ் என்ற சுவடியில் சுமார் 800 மரபணுக்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் ஆண், பெண் என்ற வேறுபாட்டுக்கும் தொடர்பே இல்லை. இரத்தத்தை உறையச் செய்வது, நிறங்களைப் பிரித்தறியச் செய்வது, தசைகளை வலுவாக வைப்பது எனப் பல்வேறு காரியங்களுக்கான ஏடுகள் அதில் இருக்கின்றன. ஒய் சுவடியில் அவற்றுக்கு ஈடான ஏடுகள் இல்லை. பெண்ணிடம் எக்ஸ் இரண்டு இருப்பதால், ஒன்றில் ஓர் ஏடு பழுதாகிவிட்டாலும் மற்றொன்றில் அதன் நல்ல படி இருக்கும், காரியம் நடந்துவிடும். ஆணுக்கோ உள்ளது ஒரே படி. அது பழுதானால் மாற்று இல்லை. பால் சார்ந்த குறைகள் ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுவதன் இரகசியம் இவ்வளவுதான்.

இதை முதன்முதலில் வெளிப்படுத்தியது ஓர் ஈ. அழுகிய பழங்களின்மேல் மொய்க்கும் சிறிய பழ ஈ அது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற பேராசிரியர் அவ்வீக்களைப் புட்டிகளில் வளர்த்து வந்தார். அவற்றின் கண்கள் சிவப்பு நிறமுடையவை. 1910ஆம் ஆண்டில் வெள்ளைக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்று அவர் பார்வையில் பட்டது. அதைச் சிவப்புக் கண்ணுடைய பெண் ஈயோடு சேர்த்தார். முதல் தலைமுறையில் ஏறக்குறைய எல்லா ஈக்களும் சிவப்புக் கண்ணோடு பிறந்தன. அவற்றையே மீண்டும் தம்முள் இணையச் செய்தபோது, சிவப்புக் கண் பெண் ஈக்கள் 2,459, சிவப்புக் கண் ஆண் ஈக்கள் 1,011, வெள்ளைக் கண் ஆண் ஈக்கள் 782 தோன்றின. வெள்ளைக் கண்ணுடைய பெண் ஈ ஒன்றுகூட இல்லை! பாட்டனின் வெள்ளைக் கண், மகள்களிடம் மறைந்திருந்து, பேரன்களில் பாதிப்பேரிடம் மீண்டும் வெளிப்பட்டது. கண் நிறத்துக்குரிய மரபணு எக்ஸின் மேல் இருக்கிறது என்று கொண்டாலன்றி இந்தக் கணக்குப் பொருந்தாது. மார்கனுக்கு 1933ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

நேயர்கள் கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இப்போது சொல்லும் நான்கு விதிகளைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தந்தைக்கு நோய், தாய்க்கு இரண்டு எக்ஸும் நல்லவை. மகன்கள் தந்தையிடமிருந்து பெறுவது ஒய்யை மட்டுமே; ஆதலால் மகன்கள் அனைவரும் நோயற்றவர். மகள்கள் அனைவரும் தந்தையின் பழுதான எக்ஸைப் பெறுவர். தாயின் நல்ல எக்ஸ் அவர்களைக் காக்கும். அவர்கள் பழுதைச் சுமந்து நிற்பவர்கள்.

இரண்டாவது, தந்தை நலமானவர், தாய் பழுதைச் சுமப்பவள். ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே சுமப்பவளாக இருக்கப் பாதி வாய்ப்பு.

மூன்றாவது, தந்தைக்கு நோய், தாயும் சுமப்பவள். இங்கு மகனுக்குப் பாதி வாய்ப்பு என்பதோடு, மகளுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு உண்டு.

நான்காவது, தாய்க்கே நோய், தந்தை நலமானவர். மகன்கள் அனைவருக்கும் நோய் வரும். மகள்கள் அனைவரும் சுமப்பவர்.

இவ்விதிகளிலிருந்து மறக்கக்கூடாத ஓர் உண்மை கிடைக்கிறது. இவ்வகை நோய் தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே செல்வதில்லை. மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பாதி வாய்ப்பு என்றால் இரண்டு மகன்களில் ஒருவனுக்குக் கட்டாயம் வரும், மற்றவன் கட்டாயம் தப்புவான் என்று பொருளன்று. நாணயத்தைச் சுண்டும்போது முதல்முறை பூ விழுந்தது என்பதற்காக அடுத்தமுறை தலைதான் விழ வேண்டும் என்ற நியதி உண்டா? ஒவ்வொரு கருவுக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது.

இவ்விதிகள் அரண்மனைகளிலும் செல்லும் என்பதற்கு வரலாற்றில் பெயர்பெற்ற ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியாவின் பேரரசி என்றும் பட்டம் சூட்டிக்கொண்ட விக்டோரியா ராணிக்கு நான்கு மகன்கள், ஐந்து மகள்கள். 1853இல் பிறந்த கடைசி மகன் லியோபோல்டுக்கு ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோய் இருந்தது. சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காது. வெளிக்காயத்தைவிட மூட்டுகளுக்குள்ளும் தசைகளுக்குள்ளும் கசியும் இரத்தமே இந்நோயாளிகளை மிகுதியாக வதைக்கிறது. லியோபோல்டு 1884ஆம் ஆண்டில், பிரான்சிலுள்ள கான் நகரில் தவறி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 30.

அவருடைய பிள்ளைகளைப் பார்த்தால் முதல் விதி அப்படியே விளங்கும். அவர் இறந்தபின் பிறந்த மகன் நோயற்றவராகவே வாழ்ந்தார். மகள் ஆலிஸுக்கும் நோய் இல்லை. ஆனால் அந்த மகள் வயிற்றுப் பேரன் ரூப்பர்ட்டுக்கு நோய் இருந்தது. 1928ஆம் ஆண்டில், மோட்டார் விபத்தில் அடிபட்டு, அவர் தம் 20ஆவது வயதில் உயிர் துறந்தார். மார்கனின் ஈக்களிடம் பாட்டனிலிருந்து பேரனுக்குத் தாவிய வெள்ளைக் கண்ணின் கதை இங்கும் நிகழ்ந்தது.

விக்டோரியாவின் மகள்களில் ஆலிஸ், பியாட்ரிஸ் என்ற இருவர் பழுதைச் சுமந்தவர்கள். ஆலிஸின் மகள் அலெக்சாண்டிரா 1894இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸை மணந்தார். நான்கு பெண்களுக்குப்பின் 1904இல் பிறந்த ஒரே மகன் அலெக்சிக்கு இந்நோய் இருந்தது. மருத்துவர்கள் கைவிரித்த நிலையில், ரஸ்புட்டின் என்ற சாமியாரிடம் அந்தத் தாய் வைத்த நம்பிக்கை அரசாங்கத்தின் பெயரையே கெடுத்தது வரலாறு அறிந்த செய்தி. அக்குடும்பம் முழுவதும் 1918இல் கொல்லப்பட்டது. பியாட்ரிஸின் மகள் ஸ்பெயின் அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோவை 1906இல் மணந்தார். அங்கும் இரண்டு இளவரசர்களுக்கு இந்நோய் கண்டது. ரஷ்ய அரச குடும்பத்தாரின் எலும்புகளை ஆராய்ந்து, அது ஹீமோபிலியாவின் இரண்டாம் வகை, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் 9ஆம் காரணியின் குறைபாடு என்று 2009ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

இங்கிலாந்தின் இன்றைய அரச குடும்பத்துக்கு ஏன் இந்நோய் இல்லை? அவர்கள் விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்டின் வழியில் வந்தவர்கள். எட்வர்டு நோயற்றவர். நோயற்ற ஆணிடம் பழுதான எக்ஸ் ஒளிந்திருக்க முடியாது. ஆதலால் அந்தக் கிளையில் கதை முடிந்துவிட்டது.

விக்டோரியாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அவருடைய முன்னோரில் இந்நோயாளிகள் இருந்ததாகத் தெரியவில்லை. ராணி பிறந்தபோது அவர் தந்தைக்கு வயது 51. தந்தையின் அணுவிலோ, தாயின் அணுவிலோ, அல்லது கருவிலோ மரபணு புதிதாகப் பழுதாகியிருக்க வேண்டும் என்பதே விஞ்ஞானிகளின் முடிவு. ஏட்டைப் படியெடுப்பவர் கை தவறி ஓர் எழுத்தை மாற்றிவிடுவதைப் போன்றது இது. இன்றும் ஹீமோபிலியா நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. அந்த இடங்களில் வமிசத்தைத் தோண்டிப் பழி தேடுவதில் பொருளே இல்லை.

எல்லாப் பால் சார்ந்த இயல்புகளும் இவ்வளவு கொடியவை அல்ல. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குறை இவற்றுள் மிகப் பரவலானது. அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டனுக்கும் அவர் சகோதரருக்கும் இக்குறை இருந்தது. 1794இல் மான்செஸ்டரில் ஒரு சங்கத்தின்முன் அவர் தம் அனுபவத்தையே கட்டுரையாகப் படித்தார். இளஞ்சிவப்பு ஜெரேனியம் மலர் பகலில் தமக்கு வான் நீலமாகவும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தோன்றுவதாகக் கூறினார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீல நிறமாக இருப்பதே காரணம் என்று அவர் நம்பினார். தாம் இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்குமாறும் சொல்லி வைத்தார். 1844இல் அவ்வாறே பார்த்தபோது அந்நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அவர் கண்ணிலிருந்து 1995ஆம் ஆண்டில் மரபணுவை எடுத்து ஆராய்ந்தனர். பச்சை ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு அவரிடம் இல்லை என்று தெரிந்தது. 150 ஆண்டுகளுக்குப்பின் அவருக்கு விடை கிடைத்தது!

ஐரோப்பிய மரபினரிடையே ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இக்குறை உண்டு. அப்படியானால் எக்ஸ் குரோமசோம்களில் நூற்றுக்கு 8 இந்தப் பழுதை உடையவை. ஒரு பெண்ணுக்குக் குறை வெளிப்பட வேண்டுமானால் இரண்டு எக்ஸும் பழுதாக வேண்டும். நூறில் எட்டை நூறில் எட்டால் பெருக்கினால் பதினாயிரத்துக்கு 64. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உண்மையிலும் பெண்களில் இருநூற்றுக்கு ஒருவரளவிலேயே இக்குறை காணப்படுகிறது. கணக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்! இக்குறை உடையவருக்கு ரயில் எஞ்சின் ஓட்டும் வேலை கிடைப்பதில்லை; கைகாட்டியின் சிவப்பும் பச்சையும் பல உயிர்களின் விஷயம். எனினும், இக்குறை மிதமாக உள்ளவர்கள் மோட்டார் வாகனம் ஓட்டும் உரிமம் பெறலாம் என்று 2020ஆம் ஆண்டில் இந்திய அரசு விதியைத் தளர்த்தியது.

இப்போது நம் குடும்பங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நாம் வமிசம் என்று எதை எண்ணுகிறோம்? தந்தை, தந்தையின் தந்தை, அவர் தந்தை என்றுதான் எண்ணிச் செல்கிறோம். கோத்திரம் என்று சொன்னாலும், குலம் என்று சொன்னாலும் பெரும்பாலும் அதே வழிதான். விஞ்ஞானத்தின் கண்கொண்டு பார்த்தால் அது ஒய் குரோமசோம் செல்லும் பாதை. எக்ஸின் மேலுள்ள பழுதோ அந்தப் பாதையில் ஒருபோதும் செல்வதில்லை. அது மகளோடு புகுந்த வீட்டுக்குப் போகிறது. அவள் மகளோடு இன்னொரு வீட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பப் பெயர் மாறுகிறது, ஊர் மாறுகிறது, நினைவும் அழிகிறது. பாட்டியின் தம்பி ஒருவர் சிறுவயதில் பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்காமல் இறந்தார் என்ற செய்தியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நம் வமிச நினைவு எந்தப் பக்கம் பார்ப்பதில்லையோ, அந்தப் பக்கமாகவே இந்நோய் நடந்து வருகிறது. எனவே மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது தாயின் உடன்பிறந்த ஆண்களையும், தாய்வழிப் பாட்டியின் உடன்பிறந்த ஆண்களையும், பெரியம்மா, சித்தி இவர்களின் மகன்களையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

தென்னாட்டில் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் பழமையானது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாமன் நலமானவராயின், இவ்வகை நோயைப் பொறுத்தமட்டில், அந்த மணத்தால் புதிய ஆபத்து எதுவும் சேர்வதில்லை. மற்ற வகைப் பரம்பரை நோய்களுக்கு இது பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் மாமனுக்கே ஹீமோபிலியா இருந்தால் நிலைமை வேறு. அவர் தாய் பழுதைச் சுமந்தவள் என்றால், அக்காளும் சுமப்பவளாக இருக்கப் பாதி வாய்ப்பு. அக்காள் மகளுக்குக் கால் வாய்ப்பு. அவள் அப்படிச் சுமப்பவளாக இருந்துவிட்டால், நாம் கண்ட மூன்றாவது விதி வந்து சேர்கிறது. மகன்களோடு மகள்களுக்கும் நோய் வரக்கூடும். உறவு விட்டுப்போகக் கூடாது என்று அவசரப்படுமுன் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது அறிவுடைமை.

இந்தத் துறைக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஹீமோபிலியாவும் நிறக்குறையும் எக்ஸின் மேல் அருகருகே இருக்கின்றன என்பதை 1937இல் ஜூலியா பெல் அம்மையாரோடு சேர்ந்து எடுத்துக்காட்டிய ஹால்டேன், 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்தியக் குடிமகனாகவும் ஆனார். 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். காது மடலின் விளிம்பில் மயிர் முளைப்பது ஒய்யோடு செல்லும் இயல்பு, ஆகவே தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குவது என்று அவர் மாணவர் துரோணம்ராஜு 1960ஆம் ஆண்டை ஒட்டிய தம் ஆராய்ச்சியில் வாதித்தார். பாடநூல்களும் அதை ஏற்றன. ஆனால் தென்னிந்திய ஆண்களின் ஒய் குரோமசோம்களைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வு அக்கருத்தை மறுத்துவிட்டது. சான்று மாறும்போது முடிவையும் மாற்றிக்கொள்வதே விஞ்ஞானத்தின் பெருமை.

பெண்ணிடம் நல்ல எக்ஸ் ஒன்று இருந்தால் போதும் என்று மேலே சொன்னேன். அதற்கும் ஒரு திருத்தம் உண்டு. 1961இல் மேரி லயான் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு கருத்தை வெளியிட்டார். பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸுகளில் ஒன்று மட்டுமே வேலை செய்கிறது, மற்றது உறங்கிவிடுகிறது, எது உறங்கும் என்பது கருவின் தொடக்க நாட்களிலேயே அணுவுக்கு அணு தற்செயலாக அமைகிறது என்பதே அக்கருத்து. கருப்பும் செம்பழுப்புமாகத் திட்டுத்திட்டான மயிருள்ள பூனையை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய எப்போதும் பெண் பூனையாகவே இருக்கும். கருப்புத் திட்டில் ஓர் எக்ஸும் செம்பழுப்புத் திட்டில் மற்றோர் எக்ஸும் விழித்திருக்கின்றன. இதன் விளைவாக, ஹீமோபிலியாவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு நல்ல எக்ஸ் மிகுதியாக உறங்கிவிட்டால் அவர்களுக்கும் இரத்தப் போக்கு மிகுதியாகலாம். ஆதலால் பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முன்னால் அவர்கள் தம் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

இவ்வாறு பழுதைச் சுமக்கும் பெண்ணைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற கேள்வி என் தொழிலைச் சார்ந்தது. "நோய் கடத்தி" என்று எழுதுவதை அங்கங்கே காண்கிறேன். அச்சொல்லைக் கேட்டால் அவள் ஏதோ குற்றம் புரிந்தவளைப் போலவும், தொற்றுநோயைப் பரப்புபவளைப் போலவும் தோன்றுகிறது. "தாங்கி" என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். தான் கேளாமலே வந்த சுமையைத் தாங்கி நிற்பவளுக்கு அந்தச் சொல்லிலாவது சிறிது மரியாதை கிடைக்கட்டும். சொல் மாறினால் நோய் தீராது. ஆனால் ஒரு வீட்டில் பேசப்படும் முறை மாறக்கூடும்.

நோய்க்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. அலெக்சியின் காலத்தில் ஒன்றும் செய்ய இயலவில்லை. 1960களின் நடுவில், இரத்த நீர்மத்தை உறையவைத்து மெல்ல உருகச் செய்து, உறைவதற்கு வேண்டிய காரணியைப் பிரித்தெடுக்க ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண்மணி வழி கண்டார். 1984இல் 8ஆம் காரணியின் மரபணுவே தனியே பிரித்தறியப்பட்டது. இன்று அக்காரணியை ஊசி வழியாக ஏற்றி, பிள்ளைகள் பள்ளி சென்று படிக்கவும், பெரியவர்கள் பணி செய்யவும் முடிகிறது. நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், நோயாளியின் சொந்தக் குருதி மூல அணுக்களில் நல்ல மரபணுவைப் புகுத்தி, அவற்றை அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சையை ஐந்து பேருக்குச் செய்து, அதன் பயனை 2024ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஹீமோபிலியாவும் இடம்பெற்றிருக்கிறது.

கருவின் பாலைக் கண்டறிந்து தெரிவிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும் "பால் சார்ந்த மரபு நோய்கள்" என்ற தொடர் வருகிறது. பெண் சிசுவை ஒழிப்பதற்காகக் கருவைச் சோதிப்பது குற்றம். ஆனால் இத்தகைய நோய் உண்டா என்று அறிய, வரையறுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பதிவு பெற்ற இடங்களில் சோதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. ஒரே சட்டத்தில் தடையும் உதவியும் அடுத்தடுத்து நிற்கின்றன. பால் பற்றிய அறிவு எந்த நோக்கத்துக்குப் பயன்படுகிறது என்பதே அங்கு வேறுபாடு.

முடிவாகச் சில வார்த்தைகள். சிறுவன் ஒருவனுக்கு அடிக்கடி மூட்டு வீங்கினாலோ, சிறு காயத்திலும் இரத்தம் நெடுநேரம் நிற்காவிட்டாலோ, வெறும் உடற்சூடு என்று காலம் கடத்தாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். தசையில் ஊசி போடவும் விடாதீர்கள். மூன்று நான்கு வயதுக்குப்பின் அடிக்கடி தடுக்கி விழுந்து, தரையிலிருந்து எழத் தொடையில் கையூன்றும் பையனையும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ் வழியே வரும் தசைத் தளர்ச்சி நோய் ஒன்று அப்படித்தான் தொடங்குகிறது. குடும்பத்தில் இத்தகைய நோய் இருந்தால் திருமணப் பேச்சின்போது அதை மறைக்காமல் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். நோய் கண்ட பிள்ளையின் தாயைச் சுற்றி நின்று பழி கூறுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தன்னிடமிருந்த இரண்டில் எதைக் கொடுப்பது என்று அவளை யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை வளர்ப்பதற்கு அவளுக்கு வேண்டியது நம் தோள்.